வெற்றிலை கேட்காத காலை: வார்டில் வந்த கொரோனா, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரி 19, புதன்கிழமை காலை. மதுரையில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில், தொடை எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது நாளில் இருந்த 79 வயதுப் பாட்டி, எழுந்ததும் வெற்றிலை கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு காலைகூட அவர் வெற்றிலை போடாமல் இருந்ததில்லை. அறுவை சிகிச்சை நடந்த மறுநாளே டப்பாவைத் தேடியவர் அவர். மருமகள் இதைக் கவனித்து, ரவுண்ட்ஸ் போன என்னிடம் சொன்னார்: "அத்தை இன்னைக்கு வெத்தலயே கேக்கல டாக்டரம்மா. ஒரு மாதிரியா இருக்காக."

"நல்லதுதானேம்மா, அப்படியே விட்டுறட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டுவரும் என்பதால் மனதாரத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் அந்த அம்மா சொல்ல வந்தது வேறு. பாட்டிக்குக் கொரோனா என்பதை நான் கண்டுபிடித்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான்.

அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதவே இந்த ஆய்வு. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

வந்த கதை

அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம். பாட்டிக்கு எடை 44 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இடது காது கேட்காது, வலது காதில் பக்கத்தில் போய்ப் பேசினால் கேட்கும். இரண்டு மாடுகளைத் தானே பார்த்துக்கொள்வார். பால் ஊற்றிய கணக்கைக் கரிக்கோடு போட்டுச் சுவரில் வைத்திருப்பார். மாதக் கடைசியில் சொசைட்டிக்காரரின் புத்தகம் தப்பினாலும் பாட்டியின் சுவர் தப்பாது என்று இளைய மகன் சொன்னார். வயதைவிட இந்த விவரம்தான் எங்களுக்கு முக்கியம். முதியவர்களின் உடல் தளர்வை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் ராக்வுட் அளவுகோலில் இவர் மூன்றாம் படி. நோய்கள் உண்டு, ஆனால் கட்டுக்குள் இருக்கின்றன, யாரையும் சார்ந்து இல்லை என்று அதற்குப் பொருள்.

தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருந்தார். 2021 செப்டம்பரில் தமிழகம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த பெரிய முகாம்களில் ஒன்றில் கோவிஷீல்டு முதல் தவணை. இரண்டு நாள் உடம்பு வலி இருந்ததால், 84 நாள் கழித்துப் போட வேண்டிய இரண்டாவதை "பொங்கல் முடியட்டும்" என்று தள்ளிவிட்டார். அந்த வருடம் ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் காலமானதிலிருந்து கிராமத்துப் பெரியவர்களிடம் ஒரு பயம் இருந்தது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, காரணம் மாரடைப்பு என்று மருத்துவர்களும் அரசும் விளக்கியும் பயம் முழுதாக விலகவில்லை.

ஜனவரி 13, போகி. விடியற்காலையில் சாணி தெளித்த வாசலில் கோலம் போடக் குனிந்தவர் வழுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பு, இடுப்புக்குக் கீழே முறிந்திருந்தது. சேர்க்கும்போதே ஆர்.டி.-பி.சி.ஆர். எடுத்தோம், கொரோனா இல்லை. 15-ஆம் தேதி மாட்டுப் பொங்கலன்று முதுகில் மரப்பு ஊசி போட்டு, எலும்புக்குள் கம்பி பொருத்தினார்கள். 17-ஆம் தேதி வாக்கர் பிடித்து நிற்க வைத்தோம். 18-ஆம் தேதி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனாகளா?" என்று மூன்று முறை கேட்டார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

இரண்டு நாள்

19-ஆம் தேதி மதியம் சாப்பாட்டை ஒதுக்கினார். மாலையில் உடல் வெப்பம் 99.2. இரவு எட்டு மணிக்குமேல் கையில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கினார், காலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார், மருமகளை இறந்துபோன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டூட்டி டாக்டர் போனில் கேட்டார். ஃபெனர்கான் ஒரு ஊசி போடச் சொன்னது நான்தான்.

20-ஆம் தேதி முழுக்கத் தூங்கினார். தூக்க ஊசியின் மீதி என்று எடுத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சையிலிருந்து மாட்டியிருந்த சிறுநீர்க் குழாயிலிருந்து மாதிரி அனுப்பினால் சீழ் அணுக்கள் இருந்தன. சரி, சிறுநீர்த் தொற்று, அதனால் மனக்குழப்பம் என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்கினேன். குழாய் மாட்டிய முதியவரின் சிறுநீரில் சீழ் அணு இருப்பது சாதாரணம். அதை வைத்து மட்டும் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது. மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. இருந்தும், கையில் ஒரு காரணம் கிடைத்ததும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்த கேஸ் ஷீட்டைத் திரும்பப் பார்க்கும்போது மனதை அறுப்பவை இரண்டு. முதலாவது அந்த 99.2. அதை யாரும் காய்ச்சல் என்று எழுதமாட்டோம். ஆனால் இந்தப் பாட்டிக்கு முந்தைய ஆறு நாளும் காலை மாலை 97-தான். வயதானவர்களின் இயல்பு வெப்பநிலையே குறைவு. அவரவர் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி கூடினாலே அது காய்ச்சல். ஆறு நாள் எண்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தன, ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மூச்சு எண்ணிக்கை. வேளைக்கு வேளை 18, 18, 18. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கருவி காட்டிவிடும். மூச்சை மட்டும் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் மனிதர் எண்ண வேண்டும். முப்பது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் வார்டில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. அதற்காக சிஸ்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தினமும் அதே 18-ஐப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது டாக்டர்களான நாங்கள்.

எண்ணிய பிறகு

21-ஆம் தேதி காலை மருமகள் வார்டு வாசலிலேயே நின்றிருந்தார். "இது வயசுக் கோளாறு இல்ல டாக்டரம்மா. செவ்வாக்கிழம வரைக்கும் எங்க அத்தை என்னைய வேல வாங்குனாக. ஒரே ராத்திரியில வயசாகுமா?" என்றார். கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 28.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 93 காட்டியது. சாய்ந்து உட்கார வைத்து, இரண்டு கையையும் சிலமுறை தூக்கி இறக்கச் செய்ததும் 89. தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தால் படுத்த நிலையிலேயே 88 சதவீதம். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. கருவி சரி என்று காட்டும்போதே மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. குளிர்ந்த விரலும் கணக்கைக் கெடுக்கும். நம் ஊரில் 93 என்று பார்த்து நிம்மதியாவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

பாட்டியின் வலது காதில் குனிந்து, தமிழ் மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னேன். "பங்குனி... மாசி..." அதோடு கண் மூடிக்கொண்டது. திடீரென்று தொடங்கி, ஏறி இறங்கி வரும் குழப்பம். கவனம் நிற்கவில்லை. விழிப்பும் குறைந்திருந்தது. 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஷரோன் இனூயே வகுத்த குழப்பப் பரிசோதனை முறை கேட்பது இவற்றைத்தான். இது டெலிரியம், அதாவது உடல் நோயால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை. மறதி நோய் மாதக்கணக்கில் வரும், இது மணிக்கணக்கில் வரும். முதல் இரவில் குழாயைப் பிடுங்கியபோது எல்லாரும் ஓடி வந்தோம். மறுநாள் அமைதியாகத் தூங்கியபோது யாரும் வரவில்லை. தூங்குகிற டெலிரியம்தான் அதிகம் தவறவிடப்படுவது.

ரேபிட் ஆன்டிஜன் சோதனை கால் மணி நேரத்தில் பாசிட்டிவ். மறுநாள் வந்த ஆர்.டி.-பி.சி.ஆரும் அதையே உறுதி செய்தது. இருமல் இல்லை, சளி இல்லை, மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

இது அபூர்வமான விஷயமாக இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன். 2020 நவம்பரிலேயே அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 817 முதிய கொரோனா நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்துவிட்டது. 28 சதவீதத்தினர் டெலிரியத்தோடு வந்திருந்தார்கள். அப்படி வந்தவர்களில் 37 சதவீதத்தினருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகள் எதுவும் இல்லை. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். ஆனால் 2021 மே மாதத்தில் மதுரையின் தோப்பூர், ராஜாஜி அரசு மருத்துவமனைகளில் படுக்கைக்கு வரிசை நின்ற நாட்கள் எங்கள் எல்லார் மனதிலும் ஒரு படத்தைப் பதித்துவிட்டன: கொரோனா என்றால் மூச்சுக்குத் தவிக்கிற ஆள். அதற்குமேல், 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வெறும் சளிதான் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. ஒரே ஒரு ஊசி போட்ட 79 வயது நுரையீரலுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

வார்டிலேயே வந்த தொற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒமைக்ரான் உடலுக்குள் வந்து அறிகுறி காட்ட எடுப்பது பொதுவாக மூன்று நாள் அளவில். இவருக்கு அறிகுறி வந்தது சேர்ந்த ஏழாம் நாள். வார்டில் இருந்த எல்லாரையும் அன்றே சோதித்ததில் இன்னும் இரண்டு நோயாளிகள், ஒரு துணையாள், ஒரு சிஸ்டர் என்று நாலு பேருக்கு இருந்தது. எதிர்க் கட்டில்காரருக்கு 16-ஆம் தேதியிலிருந்தே சளி. ஞாயிறு முழு ஊரடங்கால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு திங்கட்கிழமை 17-க்குத் தள்ளிப் போயிருந்தது. அன்று மாலை பார்க்க வந்த சொந்தக்காரர்களும் கொஞ்சப் பேர் இல்லை. சேரும்போது ஒரு முறை சோதனை எடுத்ததோடு எங்கள் எச்சரிக்கை முடிந்துவிட்டது.

கிரியேட்டினின் 1.2

தொடை எலும்பு அறுவைக்குப் பின் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் பயப்பட வேண்டியது நுரையீரலில் ரத்தக்கட்டி. ரத்தக்கட்டியைக் காட்டும் டி-டைமர், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டும் ஏறியிருந்தன, ஆனால் அறுவைக்குப் பிறகு அவை எப்படியும் ஏறும் என்பதால் உதவாது. லிம்போசைட் என்ற வெள்ளணு 1,600-லிருந்து 700-க்கு இறங்கியிருந்தது, அது கொஞ்சம் பேசியது. சோடியம் 127, குறைவு. அதுவும் குழப்பத்துக்கு ஒரு கைகொடுத்திருக்கும்.

சாயம் ஏற்றி சி.டி. எடுக்கலாமா என்ற கேள்வி வந்தது. சிறுநீரகம் வெளியேற்றும் தசைக்கழிவான கிரியேட்டினின் 1.2 என்று தாளில் இருந்தது, பார்க்க நல்ல எண்தான். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் வருவது 26, சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் மில்லிலிட்டர் அவ்வளவுதான். சிறுநீரகம் கால்வாசி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினினே கொஞ்சமாகத்தான் உற்பத்தியாகும், அதனால் அந்த எண் நல்லதாகத் தெரியும். இந்த ஒரு கணக்கு சிகிச்சை முழுவதையும் மாற்றியது. சாயம் ஏற்றவில்லை. கால் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் இதய எக்கோவும் எடுத்தோம். கட்டி இல்லை, இதயத்தின் வலப்பக்கத்தில் அழுத்தமும் இல்லை. சாதாரண சி.டி.யில் இரண்டு நுரையீரலின் ஓரங்களிலும் பனி படர்ந்த கண்ணாடி போன்ற வெண்மை இருந்தது. கொரோனாவில் பார்த்துப் பழகிய அதே படம். வைரஸ் மருந்தான ரெம்டெசிவிர் வேண்டாம் என்று விட்டோம். சிறுநீரகம் 30-க்குக் கீழே போனால் அதைப் பரிந்துரைப்பதில்லை என்பது அப்போதைய விதி. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த எனாக்ஸாபரினை நிறுத்திச் சாதாரண ஹெப்பாரினுக்கு மாறினோம். மெட்ஃபார்மினை நிறுத்தினோம். வலிக்குக் கொடுத்துவந்த டிராமடாலையும் நிறுத்தினோம். இந்தச் சிறுநீரகத்தில் அது தேங்கும், குழப்பத்தைக் கூட்டும், சோடியத்தையும் இறக்கும். பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது.

ஃபெனர்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கம் வர வைக்கும் பழைய அலர்ஜி மருந்துகள், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் உட்பட, முதியவர் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேலை செய்வதைத் தடுக்கும். டெலிரியத்தில் ஏற்கனவே குறைந்து கிடப்பது அதுதான். நான் போடச் சொன்ன ஊசி பாட்டியை அமைதியாக்கவில்லை, பேச முடியாமல் ஆக்கியது.

உயிர் காத்தது என்று சொல்ல ஆக்சிஜனும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும். இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூன் 16-இல் அறிவித்தது இதுதான்: தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் வாங்குபவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. காலையிலேயே கொடுத்தோம், இரவில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சர்க்கரை 340 வரை ஏறியது. இன்சுலினில் சமாளித்தோம்.

உள்ளே இருந்த மருமகள்

கொரோனா வார்டுக்குள் துணையாள் கூடாது என்பது அப்போதைய விதி. 21 மதியம் பாட்டியை அங்கே மாற்றினோம். மாலைக்குள் நிலைமை மோசமானது. முழு உடைக்குள் இருந்த எங்களைப் பார்த்து, "என்னையத் தூக்கிட்டுப் போக வந்திருக்காக" என்று அழுதார். காது மந்தமானவர் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். எங்களுக்கு உதடே இல்லை. கண்ணாடி அவசரத்தில் பழைய வார்டிலேயே தங்கிவிட்டது. இரவு பகல் ஒரே விளக்கு, ஜன்னல் இல்லை.

அன்றிரவே நிர்வாகத்தோடு பேசினேன். மருமகள் இரண்டு தவணையும் போட்டவர், வயது 41, வேறு நோய் இல்லை, சோதனையில் நெகட்டிவ். ஆபத்தை விளக்கினேன். "நான் வெளிய நின்னு என்ன செய்யப் போறேன்" என்றார். என்-95 முகக்கவசமும் உடையும் போடக் கற்றுக்கொடுத்து உள்ளே விட்டோம். இந்த நோயாளிக்கு நாங்கள் செய்த வேறு எதைவிடவும் இது பெரிது என்று நினைக்கிறேன். விதியை மீறியதாக எனக்குத் தோன்றவில்லை, இப்படிப்பட்ட நோயாளிக்கு விதியிலேயே இடம் இருந்திருக்க வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். வலது காதில் பேசினார்: இன்னைக்கு என்ன கிழமை, மாடு எவ்வளவு கறந்தது, யார் வீட்டில் என்ன விசேஷம். ஜன்னல் பக்கக் கட்டிலுக்கு மாற்றச் சொல்லி எங்களை விடாமல் கேட்டு மாற்ற வைத்தார். மருத்துவமனை ரவைக் கஞ்சியைத் தொடாதவர், வீட்டிலிருந்து வந்த கேப்பைக் கூழை நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுத்ததும் முதல் நாள் ஆறு கரண்டி சாப்பிட்டார். சிறுநீர்க் குழாயை எடுத்தோம், கட்டில் பானை வைப்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். கையைக் கட்டிப்போடவே இல்லை. தூக்க ஊசி அதன்பின் ஒன்றுகூடப் போடவில்லை.

23, ஞாயிறு

மூன்றாவது முழு ஊரடங்கு ஞாயிறு. பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தும் 90-ஐத் தாண்டவில்லை. அறுவை செய்த காலோடு குப்புறப் படுக்க வைக்க முடியாது. வலப்பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து வைத்தோம். திருப்பூரில் இருக்கும் மூத்த மகன் போனில் கேட்டார்: "வென்டிலேட்டர் போட்டுருங்க டாக்டர், செலவப் பத்தி நினைக்காதீங்க." இளைய மகன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அப்பாவுக்குக் குழாய் போட்டப்ப ஆத்தா சொன்னது ஞாபகம் இருக்கா? 'எனக்கு இதெல்லாம் செஞ்சு கெடத்தாதீகப்பா'ன்னு." போனில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. அதிவேக ஆக்சிஜன் வரை போவது, அதற்குமேல் தொண்டையில் குழாய் இல்லை என்று குடும்பத்தார் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நானும் அதையே சொல்லியிருப்பேன், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் பாட்டி. இரண்டு நாள் முன்னால் கண்டுபிடித்திருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். அதுவே இன்றும் உறுத்துகிறது.

24 அப்படியே போனது. 25 மாலை 8 லிட்டர், குடியரசு தினத்தன்று 4. 28-ஆம் தேதி காலை பங்குனியிலிருந்து சித்திரை வரை பன்னிரண்டு மாதத்தையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு, "இதெல்லாம் எதுக்கு என்னையக் கேக்குற தாயி?" என்றார். 30-இல் ஸ்டீராய்டு முடிந்தது. 31-இல் ஆக்சிஜன் இல்லாமல் 94. பிப்ரவரி 2-இல் வாக்கரோடு வீட்டுக்குப் போனார். மருமகளுக்கு நடுவில் ஒரு நாள் தொண்டை கரகரத்தது, சோதனை நெகட்டிவ்.

பிறகு

வார்டில் சில மாற்றம் செய்தோம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூச்சை முழு நிமிடம் எண்ணி, எண்ணியவர் பெயரையும் எழுதுகிறோம். புதிதாகக் குழப்பம் வந்தால் காரணம் தேடும் வேலையில் கொரோனா சோதனையும் அன்றே நடக்கும். சேர்க்கும் படிவத்தில் துணையாளிடம் கேட்க ஒரு வரி கூடியிருக்கிறது: "தினமும் விடாமல் செய்யும் பழக்கம் என்ன?" அதில் வரும் பதில்களைப் படிக்கவே எனக்குப் பிடிக்கும். பேப்பர், சுருட்டு, விடிகாலைக் காபி, ஆறு மணிக்கு விளக்கு ஏற்றுவது. அந்தப் பழக்கம் நின்ற நாளில் எங்களைக் கூப்பிடும்படி துணையாளிடம் சொல்லி வைக்கிறோம்.

பாட்டியை மார்ச்சில் பார்த்தபோது கைத்தடியோடு நடந்து வந்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. குணமாகி மூன்று மாதம் கழிந்ததும், மே மாதத்தில் இரண்டாம் தவணை ஊசி போட்டுக்கொண்டார். வெற்றிலை திரும்ப வந்துவிட்டது. புகையிலையை மட்டும் விட்டிருக்கிறார்.

பால் கணக்கு திரும்பவில்லை. காலையில் போட்ட கோட்டை மறந்து மதியம் இன்னொன்று போட்டுவிடுகிறார் என்று மருமகள் சொன்னார். டெலிரியம் தெளிந்த பிறகும் நினைவில் இப்படி ஓட்டை விழுவதுண்டு, அது எவ்வளவு நாள் நீள்கிறதோ அவ்வளவு. இப்போது கோடு போடுவது மருமகள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, தப்பு என்கிறார். மருமகள் அவர் சொல்வதை ஒத்துக்கொண்டு, அவர் தூங்கப் போனதும் திருத்திவிடுகிறார்.